டாக்டர் ஹூ தெரியாத வீட்டுல எந்த எபிசோட மொதல்ல போடுறது: தேயில தோட்டத்து லயத்துல இருந்து ஒரு வழிகாட்டி

மொத எபிசோட்ல இருந்து தொடங்காதீங்க. டாக்டர் ஹூங்கிற இங்கிலாந்து சயன்ஸ் பிக்சன் டீவி தொடர பாக்க ஒக்காந்துட்டு பாதியில எழும்பி போனவங்கள்ல எனக்கு தெரிஞ்ச முக்காவாசி பேரு எழும்புனது அங்கதான். 2005 மார்ச்ல பிபிசி இந்த தொடர திரும்ப கொண்டு வந்தப்ப போட்ட மொத எபிசோட் பேரு ரோஸ், துணிக்கட பொம்மைங்க எல்லாம் உசிரு வந்து நடக்குற கத, அதுல ஒரு பிளாஸ்டிக் குப்பத்தொட்டி ஒருத்தன முழுங்கிட்டு ஏப்பம் வேற விடும். பழகுனவங்களுக்கு அது ஒரு அழகு, ஒத்துக்கிறேன். ஆனா வேல முடிஞ்சு வந்து காலு வலிக்குதுன்னு சாஞ்சு கெடக்குற மாமாவுக்கு அத போட்டீங்கன்னா "இதுக்காடா என்னைய கூப்பிட்ட"ன்னு கேட்டுட்டு படுக்க போயிருவாரு, அப்புறம் எத்தன வருசம் ஆனாலும் அவர திரும்ப ஒக்கார வக்க முடியாது.

இந்த தொடர்ல உள்ள வசதி என்னன்னா நடுவுல எங்க வேணும்னாலும் பூந்துக்கலாம். நம்ம ஆளுங்க பாக்குற சீரியல் மாதிரி நேத்து என்னாச்சுன்னு தெரியணும்னு இல்ல, 2005ல இருந்து வந்ததுல முக்காவாசி எபிசோட் நாப்பத்தஞ்சு நிமிசத்துல தனிக்கதையா முடிஞ்சிரும். அதனால நம்பர் வரிசைய தூக்கி போட்டுட்டு, பக்கத்துல ஒக்காந்திருக்குற ஆளு யாருன்னு பாத்து எபிசோட எடுங்க, நான் சொல்ல வர்றது அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் அதுக்கு வெளக்கம்.

போடுறதுக்கு முந்தி ரெண்டே ரெண்டு விசயம் சொன்னா போதும், அதுக்கு மேல வரலாறு சொல்லி கொல்லாதீங்க. ஒன்னு, டாக்டர்ங்கிறவரு மனுசன் இல்ல, வேற கிரகத்து ஆளு, ரெண்டு இருதயம், சாகப்போற நேரத்துல ஒடம்பு மாறி வேற ஆளா வந்துருவாரு, அதனாலதான் ஒவ்வொரு தடவையும் வேற வேற நடிகர் வர்றாங்க. (இது 1966ல மொத நடிகருக்கு ஒடம்பு முடியாம போனப்ப கண்டுபிடிச்ச தந்திரம், அது இல்லாட்டி 1963ல தொடங்குன நாடகம் 1989 வரைக்கும் ஓடியிருக்குமா, அப்புறம் 1996ல ஒரு டீவி படம், அப்புறம் எழுத்தாளர் ரசல் டி டேவிஸ் வேல்ஸ்ல உள்ள கார்டிஃப்ல வச்சு மறுபடி தொடங்குனதுன்னு இவ்வளவு தூரம் வந்திருக்குமா.) ரெண்டாவது அந்த நீல பெட்டி, டார்டிஸ். வெளிய பாத்தா பழைய காலத்து போலீஸ் டெலிபோன் பெட்டி, உள்ள போனா பெரிய கூடம், காலத்துலயும் எடத்துலயும் எங்க வேணும்னாலும் போகும், ஆனா நெனச்ச எடத்துக்கு ஒழுங்கா போகாது, அதுக்குன்னு ஒரு மனசு இருக்கு. எங்க அப்பாயிக்கு இத எப்படி சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்ப அவங்களே கேட்டாங்க, "பாக்டரியில ரோதமுனி இருக்குற மாதிரியா?" அதேதான். மெஷினுக்குள்ள ஒரு சாமி இருக்கு, அதுக்கு கோவம் வந்தா மெஷின் நிக்கும், மரியாத குடுத்தா ஓடும்னு தெரிஞ்சவங்களுக்கு டார்டிஸ வெளக்க வேற ஒன்னும் வேணாம்.

அடுத்தது மழ. யாரும் இத சொல்ல மாட்டாங்க, ஆனா இலங்க மலையகத்துல அட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன் ஜூலையில தகரத்து மேல மழ அடிக்கிறப்ப டீவி சத்தம் ஒரு மண்ணும் கேக்காது. மழ நாள்ல பேச்சு கூட இருக்குற எபிசோட போடாதீங்க, கண்ணால பாத்து புரியிறத போடுங்க. இங்கிலீஷ் சப்டைட்டில் கட்டாயம் வேணும், ஏன்னா அவங்க பேசுற வேகத்துக்கு ஏ.எல். இங்கிலீஷ் படிச்ச தங்கச்சியே தடுமாறுவா. வீட்டுல ஒருத்தர் மெதுவா தமிழ்ல சொல்லிக்கிட்டு வரட்டும், ஆனா ஒவ்வொரு வசனத்தையும் இல்ல, கத நகர்ற எடத்துல மட்டும்.

இப்ப எபிசோட்.

யாருன்னே தெரியாத கூட்டம், சின்னது பெருசு எல்லாம் கலந்து இருக்குன்னா கண்ண மூடிக்கிட்டு பிளிங்க் போடுங்க (கண்ண மூடக்கூடாதுங்கிறதுதான் கதையே, அது வேற). 2007ல வந்தது, ஸ்டீவன் மொஃபட் எழுதுனது, சயன்ஸ் பிக்சனுக்கு குடுக்குற ஹியூகோ விருது வாங்குன எபிசோட். இதுல டாக்டரே கொஞ்ச நேரம்தான் வருவாரு, அதுதான் புது ஆளுங்களுக்கு நல்லது, அவர பத்தி ஒன்னும் தெரியாம பாக்கலாம். சாலி ஸ்பாரோன்னு ஒரு பொண்ணு, கேரி மல்லிகன் நடிச்சிருக்காங்க, பாழடைஞ்ச வீட்டுல கல்லு தேவத செலைங்க இருக்கு, நீங்க பாத்துக்கிட்டு இருக்குற வரைக்கும் அதுங்க வெறும் கல்லு, கண்ண சிமிட்டுனா பக்கத்துல வந்துரும், தொட்டுச்சுன்னா ஒங்கள கொல்லாது, பழைய காலத்துக்கு அனுப்பிரும், நீங்க அங்கயே வாழ்ந்து கெழடாகி சாகணும். சாலியோட கூட்டாளி அந்த வீட்டுக்குள்ள நிக்கிற அதே நேரத்துல வாசக்கதவு மணி அடிக்குது, ஒரு ஆளு பழைய கடுதாசி ஒன்ன கொண்டு வந்து நீட்டுறான், எங்க பாட்டி இன்ன தேதி இன்ன நேரத்துக்கு குடுக்க சொன்னாங்கங்கிறான். அந்த பாட்டி யாருன்னு புரியிற அந்த நொடி இருக்கு பாருங்க, அப்ப டீவிய பாக்காதீங்க, பக்கத்துல இருக்குறவங்க மொகத்த பாருங்க. கடைசியில நெலவறையில ஒரு பல்பு விட்டு விட்டு எரியும், கரண்ட் போறதும் வர்றதுமா இருக்குற ஊர்ல அந்த காட்சி எப்படி வேல செய்யும்னு நான் சொல்ல தேவையில்ல. வெள்ளக்கார துரைமாரு காலத்து சர்ச் கல்லறைங்க இருக்குற பக்கம், டிக்கோயா, பொகவந்தலாவ ஆளுங்க, மறுநாள் காலையில அந்த வழியா போறப்ப என்னைய திட்டாதீங்க.

மிட்நைட்ங்கிற எபிசோட் மழ இல்லாத ராத்திரிக்கு மட்டும். 2008, டேவிட் டெனன்ட் டாக்டர். ஒரு கிரகத்துல சுத்திப்பாக்க போற பஸ் மாதிரி ஒரு வண்டி, நடுவழியில நின்னுருது, வெளிய இருந்து எதோ ஒன்னு தட்டுது, அப்புறம் உள்ள இருக்குற ஒரு அம்மாவுக்குள்ள அது பூந்துக்கிட்டு எல்லாரும் பேசுறத திருப்பி திருப்பி பேசுது, மொதல்ல பின்னாடியே, அப்புறம் கூடவே, அப்புறம் முந்தியே. பேய கடைசி வரைக்கும் காட்ட மாட்டாங்க. பயம் எல்லாம் அந்த நல்ல மனுசங்க, குடும்பம், புரொபசர்னு ஒக்காந்திருந்தவங்க, கொஞ்ச நேரத்துல ஒருத்தர வெளிய தள்ளிருவோம்னு பேச ஆரம்பிக்கிறாங்களே அதுலதான். சப்டைட்டில இந்த ஒன்னுக்கு மட்டும் நிப்பாட்டிருங்க, ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுறத எழுத்துல பாத்தா சொவையே போயிரும். வண்டியில வேல செஞ்ச பொண்ணு ஒன்னு இருக்கும், எல்லாருக்கும் ஜூஸ் குடுத்துக்கிட்டு, கடைசியில அவ பேரு என்னன்னு டாக்டர் கேப்பாரு, ஒருத்தருக்கும் தெரியாது. தோட்டத்துல பொறந்தவங்களுக்கு அந்த எடம் எங்க குத்தும்னு தெரியும், ஒன்னும் சொல்லாம விட்டுருங்க.

தி எம்ப்டி சைல்ட், அதோட ரெண்டாம் பாகம் தி டாக்டர் டான்சஸ், ரெண்டும் 2005. 1941, லண்டன்ல ஜெர்மன்காரன் குண்டு போடுற காலம், கேஸ் மாஸ்க் போட்ட ஒரு சின்ன பையன் தெருத்தெருவா அலைஞ்சுக்கிட்டு நீங்க எங்கம்மாவான்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு திரியிறான். பயங்கரமான எபிசோட், எனக்கு கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் டாக்டரா இருந்த காலத்துல இதுக்கு மேல ஒன்னும் இல்ல. ஆனா ஒன்னு சொல்றேன், அம்மா சவுதிக்கோ குவைத்துக்கோ போயி அம்மாயி கையில வளர்ற புள்ளைங்க நம்ம லயத்துக்கு லயம் இருக்கு. அந்த புள்ளைங்களுக்கு மொத பாகத்த மட்டும் போட்டு மிச்சத்த நாளைக்கு பாப்போம்னு எழுப்பி விட்டுறாதீங்க, ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு கெடக்கும். ரெண்டையும் சேத்து ஒரே இருப்புல, ஞாயித்துக்கிழம பகல்ல போடுங்க, ஏன்னா அந்த கேள்விக்கு ரெண்டாம் பாகத்துல பதில் கெடைக்கும், நல்ல பதில். இந்த தொடர்லயே ஒருத்தரும் சாகாம எல்லாரும் பொழச்சு டாக்டர் சந்தோசத்துல கத்துற அபூர்வமான நாள் அது.

அதே மாதிரி அப்பா இல்லாதவங்க கூட இருந்தா ஃபாதர்ஸ் டே பத்தி முன்னாடியே சொல்லிட்டு போடுங்க. டாக்டர் கூட சுத்துற ரோஸ்ங்கிற பொண்ணு தன்னோட அப்பா ரோட்டுல அடிபட்டு செத்த 1987க்கு போயி அவர இழுத்து காப்பாத்திருவா, அதுக்கு அப்புறம் நடக்குறதுதான் கத. அழுவாங்க. தேத்தண்ணி போட ஆள் ரெடியா இருக்கட்டும்.

பெரியவங்களுக்கு, முக்கியமா சயன்ஸ் பிக்சன்னாலே சின்னபுள்ள வெளையாட்டுன்னு நெனைக்கிற சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு, நான் எடுக்குறது டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப். 2018, ஜோடி விட்டேக்கர் டாக்டர், எழுதுனது வினய் பட்டேல். யாஸ்ங்கிற பொண்ணு தன்னோட நானியோட, அதாவது அம்மாவோட அம்மாவோட, எளம வயச பாக்கணும்னு கேட்டு 1947 ஆகஸ்டுக்கு போகுது, இந்தியா பாகிஸ்தான் பிரியிற நேரம், நானி முஸ்லிம், கட்டிக்க போற மாப்பிள்ள இந்து, அந்த கல்யாணத்த நடத்த விடாம இருக்குறது வேற்றுக்கிரக பிசாசு இல்ல, மாப்பிள்ளையோட கூடப்பொறந்த தம்பி. வேற்றுக்கிரக ஆளுங்க வருவாங்க, ஆனா அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு தெரியிறப்ப நெஞ்சு அடச்சுக்கும். பேப்பர்ல எங்கயோ ஒருத்தன் கோடு போட்டா வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னு நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். 1948ல இலங்கையில நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு பிரஜாவுரிம போச்சு, 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இலங்கைக்குன்னு பிரிச்சாங்க, தாத்தா இங்க நின்னு தாத்தாவோட அண்ணன் தலைமன்னார்ல கப்பல் ஏறுன குடும்பம் ஒவ்வொரு டிவிசன்லயும் இருக்கு. எங்க சித்தப்பா அந்த எபிசோட் முடிஞ்சதும் டாக்டர பத்தி ஒரு வார்த்த கேக்கல, ராமேஸ்வரத்துல எறங்குன அவரோட பெரியப்பாவ பத்தி பேச ஆரம்பிச்சவரு பத்து மணிக்குத்தான் நிப்பாட்டுனாரு. கடைசியில பேரு ஓடுறப்ப அணைச்சிறாதீங்க, அந்த எபிசோடுக்கு மட்டும் டாக்டர் ஹூ டியூன பஞ்சாபி மெட்டுல பாடியிருப்பாங்க.

வின்சென்ட் அண்ட் த டாக்டர், 2010, மாட் ஸ்மித். ஓவியர் வான்கோ கத, ரிச்சர்ட் கர்டிஸ் எழுதுனது. அதுல வர்ற மிருகம் சுமாருதான், கண்ணுக்கு தெரியாத கோழி மாதிரி ஒன்னு, அத பொறுத்துக்கங்க, கடைசி பத்து நிமிசம் பாரிஸ் மியூசியத்துக்குள்ள நடக்குறதுக்காக இத பாக்கணும். மனசு சரியில்லாம தனியா ஒக்காந்திருக்குற கூட்டாளி யாரும் இருந்தா கூட ஒக்காந்து பாருங்க, தனியா பாக்க அனுப்பாதீங்க, வான்கோ கடைசியில எப்படி செத்தாருங்கிறத கத மறைக்காது.

சண்ட, வெறட்டல் கேக்குற பயலுகளுக்கு மம்மி ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ். 2014. வானத்துல ஓடுற ரயில், சாகப்போறவங்க கண்ணுக்கு மட்டும் தெரியிற மம்மி, தெரிஞ்சதுல இருந்து அறுபத்தாறு செக்கன்ல சாவு, ஸ்கிரீன்லயே கடிகாரம் ஓடும், பயலுக சத்தமா எண்ணுவானுங்க. நானுஓயாவுல இருந்து பதுள போற நம்ம ரயில்ல அந்த மம்மி ஏறியிருந்தா எப்ப வந்து சேரும்னு தம்பி கேட்டான், அந்த அளவுக்கு ஆராய்ச்சி பண்ண வேணாம்.

ஹெவன் சென்ட் மட்டும் மொதல்ல வேணாம், எவ்வளவு பேரு இணையத்துல இதுதான் பெஸ்ட்னு சொன்னாலும். பெஸ்ட்தான், நானும் சொல்றேன். டாக்டரா வர்ற பீட்டர் கபால்டி கிட்டத்தட்ட ஒத்த ஆளா ஒரு கோட்டைக்குள்ள, வைரத்த விட 400 மடங்கு கெட்டியான சொவர வெறுங்கையால குத்திக்கிட்டு. ஆனா முந்துன எபிசோட் ஃபேஸ் த ரேவன் பாக்காட்டி அவரு ஏன் அவ்வளவு வேதனையில இருக்காருன்னு புரியாது, டாக்டரோட கூட்டாளி கிளாராவ ஒரு சீசனாவது பாத்து பழகியிருக்கணும். அப்புறம் இயர்போன் போட்டு, லைட்ட அணைச்சு, தனியா. முரே கோல்டோட மியூசிக் கடைசியில ஏறுறது மழ சத்தத்துல போயிரக்கூடாது.

இதுல ரெண்டு மூனு பாத்துட்டு "அடுத்தது என்னா"ன்னு அவங்களே கேட்டாங்கன்னா தி லெவன்த் அவர் போடுங்க, 2010 ஏப்ரல், மாட் ஸ்மித் வர்ற மொத எபிசோட், ஒரு மணித்தியாலத்துக்கு கொஞ்சம் மேல ஓடும். சின்ன பொண்ணு வீட்டு தோட்டத்துல பெட்டி விழுந்து, உள்ள இருந்து வந்த ஆளு எத குடுத்தாலும் துப்பிட்டு கடைசியில மீன் பிங்கர கஸ்டர்ட்ல தொட்டு திம்பாரு, புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். அங்க இருந்து வரிசையா போகலாம். இல்ல பழையபடி தொடங்கணும்னா இப்ப ரோஸுக்கு போங்க, இப்ப அந்த குப்பத்தொட்டி ஏப்பம் விட்டா மாமாவே சிரிப்பாரு.

தேடி எடுக்குறப்ப ஒன்ன கவனிங்க, 2005ல வந்ததுக்கும் சீசன் ஒன்னுன்னுதான் போட்டிருக்கும், ஷூட்டி கட்வா (Ncuti Gatwa) டாக்டரா வர்ற 2024க்கும் சீசன் ஒன்னுன்னுதான் போட்டிருக்கும், 1963ல வந்ததும் சீசன் ஒன்னுதான். டேட்டா ரீலோட் பண்ணி ராத்திரி பூரா டவுன்லோட் போட்டுட்டு காலையில பாத்தா வேற டாக்டர் நிப்பாரு. சீசன் நம்பர பாக்காதீங்க, வருசத்தையும் எபிசோட் பேரையும் பாத்து எடுங்க.