பழைய ஸ்டீல் எம்டிபியில் புதுப் பின்சக்கரம் மாட்டுவது எப்படி

பழைய ஸ்டீல் எம்டிபி (மவுன்டன் பைக்) ஒன்று வீட்டில் சும்மா நிற்கிறதென்றால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அம்பாசமுத்திரத்தில் இருந்து மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் ஓட்ட அந்த ஃபிரேம் இன்றைக்கும் அருமையாக இருக்கும். அதில் முதலில் போவது பெரும்பாலும் பின்சக்கரம்தான். பழைய ஃப்ரீவீல் ஹப்பில், அதாவது பல்சக்கரத் தொகுதியை அப்படியே திருகி மாட்டுகிற சக்கர நடுப்பகுதியில், வலப்பக்க பேரிங் ஆக்சில் (அச்சு) முனையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும், அதனால் பாரம் ஏறினால் ஆக்சில் வளையும். கேசட் (பல்சக்கர அடுக்கு) செருகிப் போடுகிற ஃப்ரீஹப்பில் அந்த பேரிங் ஓரத்துக்கே வந்துவிடுகிறது. நான் அதற்குத்தான் மாறினேன், நீங்களும் மாறுங்கள் என்றே சொல்வேன்.

சக்கரம் கழற்ற, டயர் மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வாங்குவதற்கு முன் அளவு

டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது மி.மீ. கணக்கில் ரிம்மின் விட்டம். எம்டிபி 26 என்றால் 559 என்று இருக்கும். நம்ம ஊர் சாதா சைக்கிள் 26 x 1 3/8 டயர் 590, பெயர் ஒன்றானாலும் அது வேறு ரிம். 27.5 என்பது 584, அதைப் போட்டால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது. டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் செய்த ரிம்மும் வேண்டாம், கட்டை பிடிக்க அதில் சமதளப் பட்டை இருக்காது.

அடுத்து, பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு பின் ட்ராப்அவுட் (ஆக்சில் உட்காரும் ஃபிரேம் தகடு) இரண்டுக்கும் நடுவே உள்பக்கமாக அளந்து பாருங்கள். 126, 130, 135 மி.மீ. இவற்றில் ஒன்றை ஒட்டித்தான் வரும். ரிம் பிரேக் எம்டிபிக்கான ஹப் 135. உங்களுடையது 130 என்றால் கையால் லேசாக இழுத்துச் சக்கரத்தை உட்கார வைத்துவிடலாம். 126 என்றால் ஃபிரேமை விரிக்க வேண்டும்.

காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும். அலுமினியத்தை வளைக்கவே கூடாது, விரிசல் விடும்.

விரிப்பது

பொறுமை வேண்டிய இடம் இது. ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. த்ரெட் ராடு ஒரு அடி, நான்கு நட்டு, நான்கு பெரிய வாஷர் வாங்குங்கள். ராடை ட்ராப்அவுட்டில் வைத்து உள்பக்க நட்டுகளை வெளியே பார்த்துத் திருகத் திருக ஃபிரேம் விரியும். ஸ்டீல் திரும்பிச் சுருங்கும், அதனால் 135-ஐத் தாண்டிப் போக வேண்டும். ஆனால் கொஞ்சம் திருகு, தளர்த்து, அள, மறுபடி திருகு. ஒரே மூச்சில் போகாதீர்கள்.

அளவு 135 வந்துவிட்டது என்று சக்கரத்தை மாட்டினால் டயர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். ராடு இரண்டு பக்கமும் சமமாகத்தான் தள்ளுகிறது, ஆனால் எந்தப் பக்கக் குழாய் இளக்கமோ அதுதான் வளையும். கியர் பல்லுக்கு இடம் விட வலப்பக்கக் குழாயை நசுக்கியிருப்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இருக்காது. அதனால் சக்கரத்தை மாட்டும் முன் நூல் பிடித்துப் பார்ப்பது கட்டாயம். ஒரு ட்ராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் டியூபை (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாய்) சுற்றி, மறு ட்ராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் (சீட்டுக்குக் கீழே உள்ள குழாய்) நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஸ்கேல் வைத்து அளங்கள். இடப்பக்கம் 28, வலப்பக்கம் 32 என்றால் இடப்பக்கம் விரியவில்லை என்று அர்த்தம். ஃபிரேமுக்குள் நீளமான மரக்கட்டையை விட்டு, முன்முனையைச் சீட் டியூபின் இடப்பக்கத்தில் சாய்த்து, இடது ட்ராப்அவுட்டின் உள்பக்கம் படும்படி வைத்து, பின்முனையை வெளியே இழுங்கள். அந்தப் பக்கம் மட்டும் வரும். வலப்பக்கம் அதிகமாகப் போயிருந்தால் அதை உள்ளே அமுக்கி, மறுபடி நூல் பிடித்துப் பாருங்கள்.

விரித்த பிறகு ட்ராப்அவுட் தகடுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. அதை அப்படியே விட்டால் புது ஆக்சிலும் ஒருநாள் ஒடியும். இதற்கு மட்டும் ஆள் தேடிப் போங்கள். பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு நேராக்கித் தந்தார். “பிளையர வச்சு முறுக்கிராதீய, தகடு பிஞ்சிரும்” என்றார், சரியான பேச்சு.

கேசட், செயின்

ஃப்ரீஹப் 8/9/10 ஸ்பீடுக்கானது என்றால் 7 ஸ்பீடு கேசட்டுக்குப் பின்னால் 4.5 மி.மீ. ஸ்பேசர் போட வேண்டும், இல்லாவிட்டால் கேசட் ஆடும். பழைய ஷிஃப்டர் 6 ஸ்பீடு என்றால் கிளிக் சரியாக விழாது, கிளிக் இல்லாத மோடில் ஓட்டுங்கள். செயினில் 12 அங்குலம் அளந்து 1/16 அங்குலம் கூடியிருந்தால் புதுசு போடுங்கள். 8 ஸ்பீடு செயின் 6, 7, 8 மூன்றுக்கும் ஒத்துவரும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துச் செய்தவர்கள் சிலர், மேடு ஏறும்போது சக்கரம் சரிந்து டயர் இடப்பக்கக் குழாயில் உரசுகிறது என்றார்கள். பழைய ஃபிரேமில் ட்ராப்அவுட் தகடு மெல்லிசு. குவிக் ரிலீஸ் (நெம்புகோலை மடக்கிச் சக்கரத்தை இறுக்கும் வகை) ஆக்சில் முனை தகட்டைத் தாண்டி இம்மியளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கிளாம்ப் ஆக்சிலைத்தான் பிடிக்கும், ஃபிரேமைப் பிடிக்காது. சக்கரத்தை வைத்து விரலால் தடவிப் பாருங்கள். முனை தகட்டுக்கு உள்ளே நிற்கிற அளவுக்கு அரத்தால் ராவிவிடுங்கள். ஸ்கியூவரும் (ஆக்சிலுக்குள் போகும் நெம்புகோல் கம்பி) கேம், அதாவது இறுக்கும் பகுதி, உள்ளே இருக்கிற ஸ்டீல் வகையாகவே வாங்குங்கள்.