செக்கப்பில் கேட்காத இரண்டு கேள்விகள்

சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் நார்மல். சரி, மனசு? உடல், மனம், சமூகம் மூன்றிலும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்கிறது 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம். நம் லேப் ரிப்போர்ட்டுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

உங்களையே கேட்டுப் பாருங்கள்: கடந்த 2 வாரங்களில் பிடித்த வேலையில்கூட ஆர்வம் போய்விட்டதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? மனச்சோர்வை அறிய மருத்துவர்கள் முதலில் கேட்பவை இவைதான். பாதி நாட்களுக்கு மேல் அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு குறைவும் காரணமாக இருக்கலாம். இந்தியாவில் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையம்) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அவர்களிடம் தூக்கத்தையும் பசியையும் விசாரியுங்கள்.