பட்டாசுச் சத்தத்துக்கு நாயைப் பழக்கும்போது செய்யக்கூடாதவை

குக்கர் விசில், தெருமுனை லவுட்ஸ்பீக்கர் போன்றவற்றை வீட்டு நாய் கொஞ்ச நாளில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அவற்றால் தனக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று கற்றுக்கொண்டதால்தான். ஏப்ளீசியா என்ற கடல் நத்தையை மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தால், அதுகூடச் செவுளை உள்ளிழுப்பதைப் படிப்படியாகக் குறைத்துவிடும். 2000-இல் நோபல் பரிசு பெற்ற எரிக் காண்டெல் இதை நரம்பணு அளவில் ஆராய்ந்தவர்.

அப்போ பட்டாசும் பழகிவிடும் என்று நாயை வெடிக்குப் பக்கத்திலேயே கட்டிவைக்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. மெல்லிய தூண்டல்தான் சீக்கிரம் பழகும். இப்படிப் பழகிப்போவதை ஆராய்ந்த தாம்ப்சனும் ஸ்பென்சரும் 1966-லேயே இதை எழுதிவிட்டார்கள். பலமான சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் பயம் கூடவும் செய்யும். இந்த வருஷம் ஆட்டம் பாமுக்கு நடுங்கிய நாய் அடுத்த வருஷம் பொட்டுவெடிக்கே கட்டிலுக்கடியில் ஓடலாம்.

குரைக்காமல் கிடக்கிறதே, பழகிவிட்டது என்று நினைப்பதும் தப்பு. கிட்டே போய்ப் பாருங்கள். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா? உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா? பிடித்த பிஸ்கட்டைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா? அப்படியென்றால் அது பயத்தில் உறைந்துபோயிருக்கிறது, பாவம்.

பதிவுசெய்த வெடிச்சத்தத்தைப் போட்டுப் பழக்கலாம். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பித்து வால்யூமை மளமளவென ஏற்றினால் பலனில்லை. சில மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். சாப்பிடும்போது சத்தம் கேட்டுக் காதை மட்டும் திருப்பிவிட்டு மறுபடி தட்டில் வாய் வைக்கிறதா, அதுதான் சரியான அளவு. அதற்கு மேல் போனால் குறையுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் நிஜ வெடியின் அதிர்வு, வெளிச்சம், புகை எதுவும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இடையில் விட்டுவிட்டால் பழைய பயம் தலைதூக்கும். வருஷாவருஷம் கொஞ்சம் புதுப்பிக்க வேண்டும்.

பயந்து மடியில் ஏறும் நாயை விரட்டாதீர்கள், தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். தீபாவளியன்று உள்ளறையில் ஜன்னலை மூடி ஃபேன் போட்டுவிடுங்கள். நடுக்கம் மிக அதிகமென்றால் பண்டிகைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்கிவையுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், மிரண்டு ஓடிவிட்டால் தேடிப் பிடிக்க உதவும்.