பழைய ரக்கட் லேப்டாப் வாங்கி மில்லுக்குள் கொண்டுபோவது எப்படி?

பல்லடம் சுற்றுவட்டார நூல் மில்களில் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பி.எல்.சி. (மெஷினை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்) சர்வீஸ் செய்கிறேன். இரண்டு சாதாரண லேப்டாப்பை ப்ளோ ரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்) பஞ்சுக்குப் பலி கொடுத்திருக்கிறேன். ஃபேனுக்குப் பின்னால் பஞ்சு மெத்தை மாதிரி படிந்து, சூடேறி, தானாக அணைந்துபோகும். அப்புறம்தான் தூசி, தண்ணீர், அடி தாங்கும் 'ரக்கட்' லேப்டாப்பான பானசோனிக் டஃப்புக் சிஎஃப்-31-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

1. ஐபி எண்ணைக் கேளுங்கள்

'ரக்கட்' என்ற பேரை மட்டும் நம்ப வேண்டாம். ஐபி எண் என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் தர எண் (இன்டர்நெட் ஐபி முகவரி அல்ல). அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். ஐபி53 சாரலைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் தூசி உள்ளே போகும். மில்லுக்கு 6-ல் தொடங்குவதுதான் சரி. மில்-எஸ்டிடி-810 (MIL-STD-810) என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனையில் தேறியது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

2. சீரியல் போர்ட்

பழைய டிரைவ்களுக்கு 9 பின் போர்ட் லேப்டாப்பிலேயே இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் எஃப்டிடிஐ (FTDI) கம்பெனி சிப் உள்ள, யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் கேபிள் வாங்குங்கள். மலிவான கேபிள்கள் பாதி டவுன்லோடில் கழன்றுகொள்ளும், அந்த நேரம் மெஷின் நின்றுகிடக்கும்.

3. கேஸ்கட்டைச் சோதியுங்கள்

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை எப்போதும் செருகியே வைத்திருந்தேன். அதனால் யுஎஸ்பி மூடி திறந்தே கிடந்தது. ஒருநாள் ஹியூமிடிஃபிகேஷன் அறையில் (மில் காற்றுக்கு ஈரப்பதம் சேர்க்கும் இடம்) தெறித்த தண்ணீர் அந்த வழியாக இறங்கி மதர்போர்டே போய்விட்டது. எல்லா மூடியும் சாத்தியிருந்தால்தான் ஐபி65. ஒன்று திறந்திருந்தாலும் அது சாதாரண லேப்டாப்தான்.

மூடிகளின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர்தான் கேஸ்கட், அதை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி மீள வேண்டும். விறைத்தோ வெடித்தோ இருந்தால் ஆகாது. பில் தாளில் மெல்லிய துண்டு கிழித்து, இடையில் வைத்து மூடியைச் சாத்தி இழுங்கள். தாள் இறுகப் பிடித்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மூடியை மாற்றியாக வேண்டும். பேட்டரி, ஹார்ட் டிஸ்க் கதவுகளையும் விடாதீர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

4. ஏர் அடிக்காதீர்கள்

மில்லில் எதைத் துடைப்பதென்றாலும் ஏர் பைப்பைத்தான் எடுப்பார்கள். அந்தக் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும். கேஸ்கட் விளிம்பில் அடித்தால் பஞ்சைத் தள்ளி உள்ளே ஏற்றிவிடும். ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் போதும். மூடியைத் திறப்பதற்கு *முன்னால்* தட்டிவிடுங்கள்.

5. விண்டோஸ்

சிஎஃப்-31-க்கு முறைப்படி விண்டோஸ் 11 கிடையாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. என் லேப்டாப்பை இன்டர்நெட்டில் இணைப்பதே இல்லை. பி.எல்.சி. மென்பொருள் மட்டும்தான் அதில் இருக்கிறது.

பிறகு சேர்த்தது: திருப்பூர் டையிங் யூனிட்டில் வேலை செய்யும் ஒருவர், ஐபி65 அங்கே போதுமா என்று கேட்டிருந்தார். அந்த எண் தூசியையும் தண்ணீரையும் பற்றி மட்டுமே பேசுகிறது, ரசாயனத்தையும் நீராவியையும் பற்றி அல்ல. அங்கே மாதம் ஒருமுறை தாள் சோதனை செய்யுங்கள். சாயத் தண்ணீர் பட்டால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபிறகே மூடியைத் திறங்கள்.