உண்ணிக் காய்ச்சலும் வேப்பேரி வரிசையும்

இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் படுத்துக் கிடந்த எங்கள் நாய் கறுப்பன், மூன்றாம் நாள் காலையில் மூக்கிலிருந்து இரத்தம் சொட்ட எழுந்து வந்தான். பக்கத்துத் தனியார் மருத்துவமனையில், என்ன நோய் என்று சொல்லாமலேயே 30,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். எந்தெந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொன்னேன், தரவில்லை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து, 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வரிசை நீளம்தான், பொறுமை வேண்டும். ஆனால் செலவு என் கைக்கு அடங்கியது. காது நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்து நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், இது உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாவால் வரும் நோய் என்றும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்ததால்தான் இரத்தம் கசிகிறது என்றும், மாணவர்களுக்கு விளக்கிய அதே நிதானத்துடன் எனக்கும் விளக்கினார்.

டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியாக் கொல்லி மாத்திரை 28 நாள், உணவுக்குப் பின். நான்காம் நாளே அவன் வாலாட்டியபோது மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தோன்றியது உண்மை, நிறுத்தவில்லை. மறுபரிசோதனையில் தட்டணுக்கள் ஏறியிருந்தன. இப்போது தினமும் மாலையில் அவன் கழுத்துப்பட்டையின் அடியிலும் விரலிடுக்குகளிலும் உண்ணி தேடுகிறேன்.