ஆடிட்டரை மார்ச் மாதத்தில் மட்டும் பார்க்காதீர்கள்: குமரி மாவட்டச் சிறுதொழில்களுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் தேன் அடைத்து விற்கிறவர், தோவாளையில் மாலை கட்டி அனுப்புகிறவர், வடசேரியில் கோயில் நகை செய்கிறவர் என்று நம் மாவட்டத்தில் சிறுதொழிலுக்குக் குறைவே இல்லை. ஆனால் இவர்களில் பலர் ஆடிட்டர் அலுவலகப் படியேறுவது வரித் தாக்கல் நேரத்தில்தான். அதற்குள் ஆண்டே முடிந்துபோயிருக்கும். விலையைத் திருத்தவோ கடனைக் குறைக்கவோ அப்போது வழி இருக்காது. மாதம் ஒருமுறை கணக்காளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வீட்டுப் பணம் வேறு, கடைப் பணம் வேறு

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கல்லாவிலிருந்து பால், மீன், பிள்ளைகளின் ஃபீஸ் என்று எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்காளராலும் உங்கள் லாபத்தைச் சொல்ல முடியாது. உங்களுக்கு ஒரு மாதச் சம்பளம் வைத்துக்கொண்டு, அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

படி 2: அன்றன்றைக்கு எழுதுங்கள்

ரொக்க விற்பனை, ஜிபே விற்பனை, கடன் விற்பனை, கொள்முதல், செலவு என்று ஐந்து பத்தி போட்ட நோட்டுப் புத்தகம் போதும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவதைக் கணக்காளர் பார்த்துக்கொள்வார். கடை அடைக்கும்போது கல்லாவை எண்ணி நோட்டோடு ஒத்துப் பாருங்கள். கொள்முதல் பில்களை மாதவாரியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

படி 3: உண்மையான அடக்க விலையைக் கண்டுபிடியுங்கள்

கணக்காளரின் பெரிய உதவியே இதில்தான். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடும் ஒரு சிறு அலகை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 50 கிலோ சிப்ஸ். அதற்குக் காய் 200 கிலோ, கிலோ 35 ரூபாய் வீதம் 7,000. தேங்காய் எண்ணெய் 15 கிலோ, 360 வீதம் 5,400. கேஸ் 1,200, இரண்டு பேர் கூலி 1,400, உப்பு, மஞ்சள், கவர் எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 15,500 ரூபாய். அதாவது கிலோவுக்கு 310. கடைகளுக்கு 350-க்குப் போடுகிறோம். கிலோவுக்கு 40 ரூபாய் நிற்கிறது, நல்ல தொழில் என்றுதான் தோன்றும்.

இங்கேதான் கணக்காளர் விடுபட்டதைக் கேட்பார். வாடகை 10,000, கரண்டும் போனும் 3,000, வண்டிக்குப் பெட்ரோல் 7,500, நொறுங்கியதும் திரும்பி வந்ததும் 5,000. ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிய மெஷின் ஐந்து ஆண்டு உழைக்கும் என்றால் தேய்மானம் மாதம் 2,500. உங்கள் சம்பளம் 15,000. ஆக மாதம் 43,000. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,250 கிலோ. வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு 34 ரூபாய் 40 காசு. அந்த 40 ரூபாயில் மிஞ்சுவது 5 ரூபாய் 60 காசு.

இப்போது எண்ணெய் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறட்டும். ஒரு நாளைக்கு 300 ரூபாய் கூடுதல், சிப்ஸ் கிலோவுக்கு 6 ரூபாய். லாபம் போய் நஷ்டத்துக்கு வந்துவிட்டோம். அடுப்பு எரிகிறது, ஆள் வருகிறார்கள், சரக்கும் போகிறது. அதனால் வெளியே ஒன்றும் தெரியாது. 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றாது. எண்ணெய் எந்த விலையைத் தொட்டால் சிப்ஸ் விலையை ஏற்றுவது என்று முன்பே குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

படி 4: பன்னிரண்டு மாதத்தையும் ஒரே தாளில் போடுங்கள்

நம் ஊருக்கு மழை இரண்டு முறை: ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நிற்கும், குலசேகரம், அருமனை கடைகளில் வியாபாரம் மந்தமாகும். விசைப்படகுகளுக்குக் குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டத்தில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. உங்கள் வாடிக்கையாளர் கையில் எப்போது காசு இருக்காது என்பதை இந்தத் தேதிகளே சொல்லிவிடும். ஓணம், ஐயப்ப சீசன், கிறிஸ்துமஸ் இவை வரவு மாதங்கள். வரவு மாதத்தில் எவ்வளவு ஒதுக்கினால் ஜூன், ஜூலையில் வாடகையும் கூலியும் கொடுக்கலாம் என்று கணக்காளரோடு சேர்ந்து மாதவாரியாக எழுதுங்கள். வட்டிக்கு வாங்கும் பழக்கம் இந்த மழை மாதங்களில் தொடங்கிவிடக் கூடும்.

படி 5: வெளியே நிற்கும் பணத்தை வசூலியுங்கள்

யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளாகிறது என்று மாதந்தோறும் பட்டியல் கேளுங்கள். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்துவிடுங்கள், அது இலவசம். பொருள் தயாரிக்கும் குறு, சிறு நிறுவனமாகப் பதிந்திருந்தால், வாங்குபவர் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சண்டை போட வேண்டாம். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே பெரிய கடைகள் கவனிக்கும்.

படி 6: ஜிஎஸ்டி, குறிப்பாக கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால்

சரக்கு விற்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய விற்பனை வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். நம் சிப்ஸ் அலகின் விற்பனை மாதம் 4,37,500, ஆண்டுக்கு 52 லட்சத்துக்கு மேல். சின்ன அடுப்படி என்று நினைத்துக்கொண்டே வரம்பைத் தாண்டியிருப்போம்! சிறு தொழில்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் விற்பனையில் 1 சதவீதம் வரி, அதாவது கிலோவுக்கு 3 ரூபாய் 50 காசு. மிஞ்சிய 5.60-ல் இது போனால் 2.10. அப்படியானால் விலையை மறுபடி போட வேண்டும்.

இன்னொன்று. காம்போசிஷனில் இருப்பவர் வேறு மாநிலத்துக்கு விற்கக் கூடாது. 40 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும், வரி உள்ள சரக்கைக் கேரளக் கடைகளுக்கு அனுப்பினால் பொதுவாகப் பதிவு கட்டாயம். நமக்குப் பாறசாலை பக்கத்து ஊர்தான், சட்டத்துக்கு அது வெளிமாநிலம். முதல் லோடு ஏற்றும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படி 7: முதல் சந்திப்பு

கடைசி ஆறு மாத வங்கி அறிக்கை, பில் கவர்கள், கடன் பட்டியல், மின் கட்டண ரசீது இவற்றை எடுத்துப் போங்கள். கணக்காளருக்கான சம்பளத்தை மாத அடிப்படையில் பேசி, என்னென்ன வேலை அதில் அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். பட்டயக் கணக்காளர்தான் வேண்டும் என்பதில்லை. சிறு தொழிலுக்கு மாதக் கணக்கு போட்டுத் தர அனுபவமுள்ள ஜிஎஸ்டி பிராக்டிஷனர் (ஜிஎஸ்டி தாக்கல் செய்து தரப் பதிவு பெற்றவர்) போதும், தணிக்கையோ பெரிய கடனோ வரும்போது பட்டயக் கணக்காளரிடம் போகலாம். ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: "போன மாசம் எனக்குக் கிலோவுக்கு எவ்வளவு நின்னுது, சார்?" ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் இதற்குப் பதில் தர ஒத்துக்கொள்கிறவரிடம் கணக்கைக் கொடுங்கள்.