டிக்கெட்டில் இருக்கும் மணியைக் கழித்துப் பார்க்காதீர்கள்

வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் 20 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். பஸ்ஸில் ஏறினால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மலைப் பாதை வளைவிலேயே வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. விமானம் என்றதும் மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறோம். லண்டன் சுமார் 8,700 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும், அப்படியானால் பத்து மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்கிறோம். கொழும்பிலிருந்து நேரடி விமானத்துக்கே 11 மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. அந்த 8,700, பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்த தூரம். விமானம் அந்த நூலிலேயே போவதில்லை. சண்டை நடக்கும் நாடுகளின் வானத்தைச் சுற்றிப் போகும், மேற்கே போகும்போது எதிர்க்காற்றும் இருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும் கணக்கில் சேரும்.

அடுத்தது நேரக் கழித்தல். பகல் 1 மணிக்குப் புறப்பாடு, மாலை 7 மணிக்கு லண்டன் என்று போட்டிருந்தால் பயணம் ஆறு மணித்தியாலம் இல்லை. புறப்படும் நேரம் நம்முடையது, இறங்கும் நேரம் அவர்களுடையது. குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நாலரை. ஆகவே குளிர்காலத்தில் அது பதினொன்றரை மணித்தியாலம். திரும்பி வரும்போது அந்த வித்தியாசத்தைக் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். கனடா போகிறவர்கள் இடையில் இறங்கி விமானம் மாற வேண்டும். பறக்கும் நேரத்தோடு காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தப்பினாலும் பரவாயில்லை. திகதி தப்பினால்தான் காசு போகும். என் சித்தப்பா மகன் டுபாய்க்குப் போக டிக்கெட் எடுத்திருந்தான்: 15ஆம் திகதி, 00:40. வீட்டில் எல்லோரும் 15ஆம் திகதி இரவு என்றே நினைத்திருந்தார்கள். 14ஆம் திகதி காலை நான் போனபோது சித்தி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "சித்தி, பயணம் இன்றைக்கு ராத்திரி" என்றேன். மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். 00:40 என்றால் 14ஆம் திகதி இரவு பன்னிரண்டு தாண்டி நாற்பது நிமிடம்.

 பறக்கும் நேரத்தோடு காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அன்றைக்கு எப்படிச் சமாளித்தோம்? 00:40இலிருந்து பின்னால் எண்ணினோம். மூன்று மணித்தியாலம் முன்னால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்க வேண்டும், அதாவது இரவு 9:40. ஹட்டனிலிருந்து வேனுக்கு ஐந்து மணித்தியாலம் வைத்தால் மாலை 4:40. வழியில் கினிகத்தேனைப் பக்கம் மழை, மண் சரிந்தால் பாதை அடைபடும், அதற்கு இரண்டு மணித்தியாலம். மதியச் சோறு சாப்பிட்ட கையோடு வேனில் ஏற்றினோம். முறுக்கு பிறகு பார்சலில் போனது.